பல்லக்குக்காரர் இடுப்பில் வைத்த வலை

எங்கள் வீட்டுக்காரர் ஊர்ப் பெருமாள் பல்லக்கைத் தூக்குகிறவர். முன்தண்டில் இடது பக்கம் அவர் தோள். பிச்சாட்டூர் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஊர், கோயிலும் சின்னது. ஆனாலும் பங்குனி உற்சவம் என்றால் பெருமாள் எல்லாத் தெருவுக்கும் எழுந்தருளுவார். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இவரை அந்தத் தண்டின் கீழேதான் பார்க்கிறேன். வீட்டில் அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் "முதுகு புடிச்சிக்கிச்சிமே" என்பார். பல்லக்கு என்றால் முதுகும் இருக்காது, முழங்காலும் இருக்காது. பெருமாள் காரியம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் பாடெல்லாம் அந்தத் தண்டைச் சுற்றித்தான் வந்தது.

தண்டைத் தொடுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் கட்டுப்பாடு உண்டு. கொடி ஏறினதிலிருந்து கவிச்சி துன்னக்கூடாது. தலைக்குக் குளித்து ஈரவேட்டியோடுதான் வரவேண்டும். உடம்பில் ரத்தமோ சீழோ வடிகிற புண் இருந்தால் தண்டைத் தொடவே கூடாது. காலில் கல் இடித்து நகம் பெயர்ந்தால்கூட அந்த வருஷம் ஒதுங்கிக்கொள்வார்கள். யாரும் யாரையும் சோதித்துப் பார்ப்பதில்லை. அவரவர் வாயால் சொல்லி அவரவர் விலகுவதுதான் வழக்கம். இதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கள் கதை புரியும்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது இவருக்கு இடது தொடை மடிப்பில் ஒரு வீக்கம் வந்தது. நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்று சொல்லிச் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். "உள்ள ஒரு வலை வெச்சிருக்கோம்மா. மெஷ்ஷுன்னு பேரு. கொசுவலை மாதிரியே இருக்கும். சதை அதுக்குள்ள வளந்து கெட்டியாயிடும். அவரு ஆயுசுக்கும் அது அங்கியே கெடக்கும்" என்றார் அந்த டாக்டர். அடுத்த வருஷமே மறுபடி தண்டில் போய் நின்றுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனது, பேத்தி பிறந்தாள். அந்த வலையை நாங்கள் மறந்தே போனோம்.

ஒரு தை மாதம் இவர் வேட்டியைக் கல்லில் போட்டுத் துவைக்கும்போது இடுப்பு மடிப்பு படுகிற இடத்தில் மஞ்சளாகக் கறை தெரிந்தது. சோப்பு போட்டும் போகவில்லை.

"இன்னாங்க இது?"

"மாம்பழச் சாறு பட்டிருக்கும்."

"தை மாசத்துல எந்த மரத்துல மாம்பழம் காய்ச்சிது?"

மாட்டைப் பார்க்கிற மாதிரி கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வேட்டியை அவரே துவைத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்காத மனுஷர் திடீரென்று வேட்டி துவைத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் குளித்துவிட்டு வந்தவரை வழிமறித்து, "அவுத்துக் காட்டுங்க" என்றேன். பழைய துண்டைக் கிழித்து மடித்துக் கோவணத்துக்குள் சொருகி வைத்திருந்தார். எடுத்தால் பழைய தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. அரிசி நுழைகிற அளவுதான். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சீழ்.

"எத்தினி நாளா?"

"தீவாளியிலருந்து இருக்கும். வெளிய சொல்லாத."

"ஏன்?"

"பங்குனி வருதில்ல."

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சீழ் வடிகிறது என்று வாயைத் திறந்தால் தண்டு போய்விடும். அதற்காகத் துண்டை அடைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

புத்தூரில் ஒரு டாக்டரிடம் இட்டுக்கொண்டு போனேன். கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஓட்டை மூடியது. பங்குனிக்குத் தண்டும் தூக்கினார். "பாத்தியா, பெருமாளே மூடிட்டாரு" என்று என்னிடமே பெருமை வேறு. உற்சவம் முடிந்து அந்த மாதம் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி உடைத்துக்கொண்டது. மறுபடி மாத்திரை, மறுபடி மூடியது, மறுபடி திறந்தது.

சித்தூருக்குப் போனோம். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் துணிக்கடை வந்திருந்தது. அந்த டாக்டர் எங்கே போனார் என்று கேட்டால், கடை வாசலில் இருந்தவர் "பட்டுச் சேலை மேல்மாடியில இருக்கும்மா" என்றார். வேறு டாக்டரைத் தேடிப் போனோம். நான் தழும்பைக் காட்டி, உள்ளே ஒரு வலை இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அதி ஏமி காதம்மா, பாத ஆபரேஷன்" என்றார். அது ஒன்றுமில்லை, பழைய ஆபரேஷனாம். அந்த வார்த்தையை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன்! தெலுங்கில் சொன்னார்கள், தமிழில் சொன்னார்கள், ஒருவர் இங்கிலீஷிலும் சொன்னார். எல்லோருக்கும் அது எப்போதோ நடந்த ஆபரேஷன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்றால் அந்த ஓட்டை ஏன் காதில் வரவில்லை, கழுத்தில் வரவில்லை, தழும்புக்குப் பக்கத்திலேயே வருகிறது? படித்தவர்களை எதிர்த்துக் கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. நான் படித்தது ஏழாவது.

பிறகு ஒருவர், ஆறாத புண் என்றால் டிபியாக இருக்கலாம் என்று அதற்கான மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தார். முதல் வாரமே இவர் பின்கட்டிலிருந்து, "ஏமே, ரத்தமா போவுதுமே!" என்று கத்தினார். ஓடிப் பார்த்தால் சிறுநீர் செங்காவி நிறம். நான் அங்கேயே உட்கார்ந்து "கோவிந்தா, கோவிந்தா" என்று அழுதேன். மகளுக்குப் போன் செய்து, அவள் யாரையோ கேட்டு, "அம்மா, அந்த மாத்திரைக்கு அப்படித்தான் கலர் மாறுமாம், ஒண்ணுமில்ல" என்றாள். அதை மாத்திரை கொடுத்தவரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? அந்த மாத்திரையில் இவருக்கு நாக்கு செத்தது, உடம்பு இளைத்தது. ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு நடுவில் சொந்தபந்தம். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனாலும் ஆள் இளைத்தது தெரிகிறதே. என் ஓரகத்தி காளஹஸ்தியில் ராகு கேது பூஜை பண்ணச் சொன்னாள். பண்ணினோம். நம்பிக்கை இல்லாமல் இல்லை, மனசாரத்தான் உட்கார்ந்தேன். பூஜை முடிந்து வெளியே வந்ததும் இவர், "எரியுதுமே, துண்டு மாத்தணும்" என்றார். கோயில் வாசலில், அத்தனை கூட்டத்தில், நான் எங்கே போய் மறைப்பு தேடுவேன்? பக்கத்து வீட்டுக்காரர் இதைவிட மேல். "புத்தூர் கட்டு கட்டிப் பாருங்க" என்றார். அது எலும்பு முறிந்தால் கட்டுகிற கட்டு. "அண்ணே, இவருக்கு ஒடஞ்சது எலும்பு இல்ல, என் மண்டைதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் மருமகன் விசாரித்துத் திருப்பதியில் ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். பெண் டாக்டர், தமிழ் தெலுங்கு இரண்டும் பேசினார். நான் வழக்கம்போலத் தழும்பைக் காட்டினேன். வழக்கமான பதில் வரும் என்று காத்திருந்தேன். அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மெஷ் வெச்சாங்களா? எந்த வருஷம்? மூடி மூடித் தொறக்குதா?" என்று கேட்டார். எனக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி கூப்பிட்டு இருவரையும் உட்கார வைத்தார்.

"உள்ள அந்த மெஷ்ஷச் சுத்தி சீழ் தேங்கி நிக்குது. மெஷ்ஷே கெட்டுப்போச்சு."

"இத்தினி வருஷம் கழிச்சா மேடம்?"

"ரொம்ப அபூர்வம்மா. மெஷ் வெச்ச நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு ஆயுசுக்கும் ஒண்ணும் வராது. ஆனா எங்கியோ ஒருத்தருக்கு பல வருஷம் சும்மா கெடந்துட்டு இப்படிக் கெளம்பும். மாத்திரை போட்டா மேல ஆறும். மெஷ்ல ரத்த ஓட்டம் கெடையாது இல்ல, மருந்து அங்க போய்ச் சேராது. கிருமி அதுலயே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். எடுத்துத்தான் ஆகணும்."

அபூர்வமானது எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. பெருமாளே, அபூர்வமாகக் கொடுக்க உன்னிடம் வேறு எதுவும் இல்லையா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

இவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "எடுத்துட்டா பல்லக்குத் தூக்கலாமா மேடம்?"

டாக்டர் முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எடுத்துட்டா அந்த எடம் பலவீனமாயிடும். கனம் தூக்கினா மறுபடி குடல் எறங்கும். பல்லக்கை மறந்துடுங்க."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா சீழ் உள்ள போகும். குடல் வந்து மெஷ்ல ஒட்டிக்கிட்டா ஓட்டை விழும். கிருமி ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து."

"ஆனா எடுக்காத வரைக்கும் தூக்கலாம்."

"ஐயா, நான் என்ன சொல்லிக்கினு கீறேன், நீங்க என்ன கேட்டுக்கினு கீறீங்க?" என்று அந்தம்மாவுக்கே எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

புத்தூர் பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "பங்குனி முடியட்டும், எடுத்துக்கலாம்" என்றார். போன வருஷமும் பங்குனியைச் சொல்லித்தானே மறைத்தீர்கள் என்றேன். "இது கடைசி" என்றார். "ஆமா, கடைசிதான் ஆவும்" என்றேன். முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

கொடி ஏறியது. புறப்பாட்டு நாள் காலையில் இவர் எழுந்து குளித்தார். மருந்துக்கடைப் பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, அதன்மேல் இறுக்கிக் கோவணம் கட்டினார். நான் தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுட்டது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. "ஈரவேட்டி, அதான் குளிருது" என்றார்.

நான் அவருக்கு முன்னால் கோயிலுக்கு ஓடினேன். பட்டர் சாமி பெருமாளுக்கு மாலை சாற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

அவர் மாலையைப் பிடித்தபடியே, "நான் என்னம்மா பண்றது? தண்டுக்காரங்க விஷயம் அவங்கவங்க வாயால சொல்லணும். நான் போய் ஒருத்தர் வேட்டிய அவுத்துப் பாக்க முடியுமா?" என்றார்.

"பெருமாளுக்குத் தோஷம் இல்லியா சாமி?"

"பெருமாளுக்கு என்ன தோஷம்? தோஷமெல்லாம் நமக்குத்தான்" என்றார். நல்ல பதில்தான். நல்ல பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மண்டபத்தில் பல்லக்கு தயாராக இருந்தது. தண்டுக்காரர்கள் ஈரவேட்டியோடு நின்றார்கள். இவர் வந்து அவர் இடத்தில் நின்றார். குனிந்து தண்டில் கை வைக்கப் போனார். அதுவரை அந்த மண்டபத்தில் நான் குரல் உயர்த்திப் பேசினதில்லை.

"தொடாதீங்க! அவரு இடுப்புல சீழ் வடியுது. ரெண்டு வருஷமா வடியுது."

மேளம் நின்றது. இவருக்குப் பின்னால் தோள் கொடுப்பவர், இவரோடு சின்ன வயசிலிருந்து பழகினவர், மாமா என்றுதான் கூப்பிடுவார். அவர் இவரையே பார்த்தார். "இன்னா மாமா, அத்தை சொல்றது மெய்யா?"

இவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் சோதிக்கமாட்டார்கள். பெருமாள் முன்னால் பொய் சொல்ல மட்டும் அந்த மனுஷருக்கு வராது. அதுவரை யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் போனார். என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஊர் முன்னால என் கோவணத்த அவுத்துட்ட இல்ல?" என்றார்.

"உயிரோட கீறீங்க இல்ல, அது போதும்."

உற்சவத்துக்கு வந்திருந்த மருமகன் காரைக் கொண்டுவந்தார். பெருமாள் கிழக்குத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது நாங்கள் மேற்கு வழியாகத் திருப்பதிக்குப் போனோம். வழி முழுக்க மேளம் கேட்டுக்கொண்டே வந்து அப்புறம் நின்றது. இவர் அழுதாரா, காய்ச்சலில் கண் கலங்கியதா, எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்ததும் அந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு ஸ்டீல் தட்டைக் காட்டினார். உள்ளங்கை அளவு ஒரு பொருள், கசங்கிச் சுருண்டு, பழைய வடிகட்டித் துணி மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தேன். ஆயுசுக்கும் கூட இருக்கும் என்றார்களே, அது இதுதான். "குடல் ஒரு பக்கம் வந்து ஒட்ட ஆரம்பிச்சிருந்துதும்மா. பிரிச்சி எடுத்துட்டோம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்" என்றார். நான் அங்கேயே நின்று மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். முடி கொடுக்கிறேன் என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

புண்ணைத் தைக்கவில்லை. திறந்தே விட்டு அடியிலிருந்து ஆற வேண்டுமாம். தினமும் மருந்துத் துணி வைத்து அடைக்க வேண்டும். அதை நான்தான் செய்தேன். இவர் என்னோடு பேசவில்லை. "மெதுவா" என்ற ஒரு வார்த்தை மட்டும். சோறு வைத்தால் துன்னுவார், தட்டைத் தள்ளுவார். மகள் போனில், "நைனா, அம்மா மேல இன்னா கோவம்?" என்று கேட்டதற்கு, "கோவம் எல்லாம் இல்ல. தண்டுதான் போச்சு" என்றார். உயிர் இருக்கிறதே, அது கணக்கில் இல்லையா? எனக்கு வந்த எரிச்சலுக்கு அன்றைக்கு மருந்துத் துணியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

ஆறியது. மெதுவாக, ஆனால் முழுக்க ஆறியது. வேட்டியில் கறை இல்லை. இப்போது தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். வேண்டாத இடத்தில் என்ன ஒரு கீழ்ப்படிதல்!

அடுத்த பங்குனிக்கு, "நான் வரல, வூட்லியே படுத்துக்கிறேன்" என்றார். மேளம் கேட்டதும் எழுந்துவிட்டார். பல்லக்குக்குப் பக்கத்திலேயே தெருத் தெருவாக நடந்தார். நடந்தால் பரவாயில்லை, வாய் சும்மா இருக்கவில்லை. "முழங்கால மடக்காதடா! இடது பக்கம் தாழுது பாரு! ஒண்ணா அடி வையுங்க!" அந்த மாமா என்று கூப்பிடுகிறவர் தண்டின் கீழிருந்து வியர்வையோடு, "இன்னா மாமா, சாமி கும்பிட வந்தியா, மேஸ்திரி வேலைக்கு வந்தியா?" என்றார். தெருவே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் பெருமாள் நின்றார். எத்தனையோ வருஷமாக இந்த வாசலில் தேங்காய்த் தட்டோடு நான் ஒருத்திதான் நிற்பேன். வீட்டு ஆம்பளை தண்டின் கீழே குனிந்து நிற்பார், அவர் கால் மட்டும் எனக்குத் தெரியும். இந்த வருஷம் தட்டை இவர் கையில் கொடுத்தேன். பிடிக்கத் தெரியவில்லை. வெற்றிலை ஒரு பக்கம் சரிந்தது.

"ரெண்டு கையால புடிங்க. நேரா."

பட்டர் சாமி குடும்பத்தின் பெயர் கேட்டார். இவர் தன் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார், மகள், மருமகன், பேத்தி என்று எல்லாம் சரியாகச் சொன்னார். கற்பூரம் ஏற்றினார்கள். புறப்பாட்டில் முதல் தடவையாக இவர் தலையை நிமிர்த்திப் பெருமாளைப் பார்த்தார். கால் முதல் தலை வரை பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, என்ன வேண்டிக்கொள்கிறார் என்று காது கொடுத்தேன்.

"ஏமே."

"இன்னா?"

"இத்தினி மாலையா போடறாங்க? இந்தக் கனத்துலதான் என் தோளு அப்பிடி எரிஞ்சிதா!"

"கோவிந்தான்னு சொல்லுங்க மொதல்ல."

"கோவிந்தா" என்றார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பல்லக்கு அசைந்து கிளம்பியது. தட்டை என் கையில் திணித்துவிட்டு, "டேய், இடது பக்கம் இன்னும் தாழுதுடா!" என்று கத்திக்கொண்டே அதன் பின்னால் போனார்.